மருந்து ஏற்றாமல் திரும்பும் நாளுக்கும் ஊதியம் வேண்டும்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், மணலி என்று வடசென்னையில் வீடு வீடாகச் சென்று நரம்பு வழியாக மருந்து ஏற்றும் செவிலியர்களில் நானும் ஒருத்தி. எந்த மருத்துவமனையிலும் எனக்கு நிரந்தரப் பணி இல்லை. வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் ஏஜென்சிகள் கேஸ் கொடுக்கும்போது ஒப்பந்தத்தின் பேரிலும், மருத்துவர்கள் நேரடியாகச் சொல்லி அனுப்பும்போது தனியாகவும் செல்கிறேன். இந்தத் தொழிலில் எங்களுக்கு ஊதியம் கணக்கிடப்படும் முறை எங்களைவிட நோயாளிக்கே அதிகம் ஆபத்தானது என்று கருதுகிறேன்.

நான் வேலை செய்த ஏஜென்சிகள் எல்லாமே ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்றுதான் தருகின்றன. பாட்டில் இருபது நிமிடத்தில் ஏறினாலும் இரண்டு மணி நேரம் ஏறினாலும் தொகை ஒன்றுதான். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆக 1 கிராம் ஏற 100 நிமிடமாகும். 250 மில்லி சலைனில் கலந்து, மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண ஐவி செட்டில் விட்டால் நிமிடத்துக்கு 50 சொட்டு. வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து, உடலெங்கும் அரிப்பெடுத்து, சிலருக்கு ரத்த அழுத்தமும் இறங்கிவிடும். ஆனால் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலர் கிளாம்ப்பைக் கட்டை விரலால் சற்றே தளர்த்தினால் அதே பாட்டில் நாற்பது நிமிடத்தில் காலியாகிவிடும், செவிலியரும் அடுத்த வீட்டுக்கு நேரத்தோடு போய்விடலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் காத்து நின்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஏற்கெனவே தாமதமாக வந்து சேர்ந்தவருக்கு அந்தக் கிளாம்ப் எவ்வளவு பெரிய சபலம் என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். போதாததற்கு, "சிஸ்டர், கொஞ்சம் வேகமா வுடுங்களேன், அவருக்குக் கை வலிக்குதாம்" என்று வீட்டாரும் சொல்வார்கள்.

இரும்புச்சத்து மருந்தான அயர்ன் சுக்ரோஸின் கதை வேறு. 200 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து ஏற்றக் குறைந்தது 15 நிமிடம் போதும்; ஆனால் ஏற்றி முடித்த பிறகு அரை மணி நேரமாவது நோயாளியைக் கவனித்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடிப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் மூச்சு எப்படி வருகிறது, தோலில் தடிப்பு எழுகிறதா, நாடியும் ரத்த அழுத்தமும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடுமையான ஒவ்வாமை வந்துவிட்டால் உடனே தொடைத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போட்டு, 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காசிமேட்டுச் சந்து ஒன்றின் இரண்டாவது மாடிக்கு, ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு வழியாக, ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவர முடியாது. அங்கே உட்கார்ந்து காத்திருப்பதுதான் வேலை. ஊசி குத்துவது அதில் ஒரு சிறு பகுதி.

இதைவிட மோசமானது, மருந்து ஏற்றக் கூடாது என்று முடிவெடுக்கும் நாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு மருந்து எழுதியிருக்கும், கடையில் வாங்கி வைத்திருப்பது வேறாக இருக்கும். மருந்து ஏற்றக் கையில் பொருத்தி வைக்கும் சிறு குழாயான வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கிச் சிவந்திருக்கும், மறு கையில் நரம்பு கிடைக்காது. நோயாளி இதுவரை எடுத்துக்கொண்டிராத ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸாக இருக்கும். அதை நான் வீட்டில் போடுவதில்லை. சென்ற ஆண்டு ராயபுரத்தில் ஒரு பெரியவருக்கு வழக்கமான டோஸ் போடப் போனபோது, நாடித் துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கி, மகனையே அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு டோஸ் போட்டுட்டா சரியாயிடும்ல சிஸ்டர்?" என்று மகன் கேட்டார். மருத்துவரிடம் போனில் பேசி, மகனுக்கும் எடுத்துச் சொல்லி, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஏஜென்சியின் கணக்கில் அது நடக்காத விசிட். ஊதியம் எதுவும் இல்லை.

மருந்தை ஏற்றிவிட்டிருந்தால் பணம் வந்திருக்கும். சரியான முடிவுக்கு அபராதமும் தவறான முடிவுக்குக் கூலியும் தரும் ஏற்பாட்டில், செவிலியரின் மனசாட்சியை மட்டும் நம்பி நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறோம்.

ஏற்றாததற்குக் குடும்பத்தாரிடம் எப்படிப் பணம் கேட்பது என்று ஏஜென்சிகள் கேட்கின்றன. மோட்டார் மெக்கானிக் வந்து பார்த்து, இது தேறாது என்று சொல்லிவிட்டுப் போனாலும் விசிட்டிங் சார்ஜ் கொடுக்கத்தானே செய்கிறோம்? இதைச் சாக்காக வைத்துச் செவிலியர்கள் வேலை செய்யாமலே கூலி கேட்பார்கள் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை நேரத்தோடு எழுதி, மருத்துவரிடம் போனில் கலந்து பேசியதையும் பதிவு செய்தால் மட்டுமே ஊதியம் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவையும் பொய்யாக எழுதுவதைவிட மருந்தை ஏற்றிவிடுவது எளிது.

ஒப்பந்தச் செவிலியருக்கு இஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை, கையில் ஊசி குத்திக்கொண்டால் ரத்தப் பரிசோதனையும் சொந்தச் செலவு. பயன்படுத்திய ஊசிகளை 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் சேர்த்து உரிய இடத்தில் ஒப்படைக்கும் ஏற்பாட்டையும் நானேதான் செய்துகொள்கிறேன். இவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். (பக்கத்து வீட்டு ஆயா, "ஒடம்பெல்லாம் அசதியா கீது, எனக்கும் ஒரு பாட்டில் ஏத்தி வுடும்மா" என்று கையை நீட்டுவதைப் பற்றியும்தான். அவருக்கும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.)

நேரடியாக வரும் நோயாளிகளிடம் இப்போது நான் மணிக்கணக்கில்தான் கட்டணம் வாங்குகிறேன். ஏற்றாமல் திரும்பினாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏத்தாததுக்கும் துட்டா?" என்று கேட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஏஜென்சிகளிடம், புக்கிங் எடுக்கும்போதே மருந்தின் பெயரைக் கேட்டு, வான்கோமைசினுக்கு இரண்டரை மணி, அயர்ன் சுக்ரோஸுக்கு ஒன்றேகால் மணி என்று நேரம் ஒதுக்கி, அதற்கேற்ப ஊதியம் தருமாறு கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும், மருத்துவரின் ஒப்புதலோடு ஏற்றாமல் திரும்பும் விசிட்டுக்குப் பாதித் தொகை தர ஒப்புக்கொண்டிருக்கிறது. நேரக் கணக்கைப் பற்றி அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.