22 சென்ட் பச்சை

போன பங்குனியில் ஒரு கூத்து நடந்தது. ஏற்காடு மலையின் சேலம் பக்கத்துச் சரிவை, அதாவது அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பக்கத்தை, இரண்டு செயற்கைக்கோள் படங்களாக எடுத்து இங்கே போட்டேன். ஒன்று பல வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் படம், கரும்பச்சை. இன்னொன்று அந்த வாரத்துப் படம், சாக்குத் துணி நிறம். "காடு எங்கே போச்சு?" என்று மேலே ஒரு வரி. பகிர்வுகள் பறந்தன. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து மலைக்குப் போனேன். என் நண்பனுடைய காபித் தோட்டத்தில் முப்பது வருஷமாக மேஸ்திரியாக இருப்பவர் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கார்த்திகையில ஒரு தடவ, பங்குனியில ஒரு தடவ பாத்துட்டு காடு செத்துப்போச்சுன்னு எழுதுனா எப்படி? இலை கொட்டியிருக்குது. ஒரு மழை விழட்டும், வந்து பாருங்க."

சரிவில் இருப்பது இலையுதிர் காடு. கோடையில் மொட்டையாக நிற்பதுதான் அதன் இயல்பு. பதிவை எடுத்துவிட்டேன். ஒரே மாதத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. தெரிந்தே சறுக்கினேன் என்பதுதான் வெட்கம்.

அன்றைக்கு மேஸ்திரியுடன் தோட்டத்தில் நடந்தபோது உறைத்த விஷயம் வேறு. மொட்டையாகத் தெரிந்த இடம் உண்மையில் காடு. மேலே பளிச்சென்று பச்சையாகத் தெரிந்த இடம் காபித் தோட்டம், காடே இல்லை.

இலை சூரிய ஒளியின் சிவப்பை விழுங்கிவிடும், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைத்தான் செயற்கைக்கோள் எண்ணாக்கித் தருகிறது. பலா மரம் அனுப்புவதும் அகச்சிவப்புதான், தைலமரம் அனுப்புவதும் அகச்சிவப்புதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்குள் இருநூற்றுச் சொச்சம் காபிச் செடி, மேலே நிழல் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் ஒரு பாறை எல்லாம் இருக்கலாம். எல்லாம் அரைபட்டு ஒரே எண்ணாகத்தான் வெளியே வரும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2008 வரை லேண்ட்சாட் படம் ஒன்றுக்கு 600 டாலர் கேட்டார்கள். இன்றைக்கு அது இலவசம். 2015-இல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல்-2, 10 மீட்டர் கட்டத்தில், அதாவது இரண்டரை சென்ட் அளவில், சில நாளுக்கு ஒரு படம் தருகிறது. அதுவும் இலவசம். மேகம் மறைத்தால் ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு போர்னியோவில் எண்ணெய்ப்பனை எந்த மாதம் எந்த ஆற்றங்கரையைத் தின்றது என்று என்னால் பார்க்க முடிகிறது. படத்தில் கோளாறு இல்லை. அதில் எதைக் காடு என்று எண்ணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என் சண்டை.

பிரேசிலைப் பாருங்கள். அவர்களுடைய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் வருஷா வருஷம் அமேசான் அழிவை அளக்கிறது. எண்ணுவது இயற்கைக் காட்டை மட்டும். ஒரு இடம் ஒருமுறை மொட்டையடிக்கப்பட்டால் அது கணக்கிலிருந்து போனது போனதுதான். பிறகு அங்கே என்ன நட்டாலும் காடு என்று திரும்பிச் சேர்க்கமாட்டார்கள். அந்தக் கறாரான கணக்கில் 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் போயிருந்தது. நம் சேலம் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்த வருஷமே உடனுக்குடன் எச்சரிக்கும் முறையும் வந்தது. படத்தில் புண் தெரிந்தால் ஆள் போவார்கள். மற்ற நடவடிக்கைகளும் சேர்ந்து 2012-இல் 4,571-க்கு இறங்கியது. அப்புறம் 2019-இல் எண் மறுபடி ஏற, அதிபர் போல்சனாரோ எண்ணே பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் எதிர்த்துப் பேசினார், பதவி போயிற்று. கணக்கு கறாராக இருந்ததால்தான் ஒரு அதிபருக்கே அது சுட்டது.

நம் கணக்கு யாரையும் சுடாது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறை இதுதான்: ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மேலிருந்து பார்க்கும்போது மரங்களின் கிளையும் இலையும் நிலத்தில் பத்து சதவீதமாவது மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்ற கேள்வியே கிடையாது. தென்னந்தோப்பு வரும், மாந்தோப்பு வரும், ஏற்காட்டுக் காபித் தோட்டமும் வரும். 2023 அறிக்கையில் நாட்டின் வனப்பரப்பு 21.76 சதவீதம். கொஞ்சம் கூடியதாகச் செய்தி வந்தது, எல்லோரும் கைதட்டினோம். அதில் எவ்வளவு காடு, எவ்வளவு தோப்பு என்று கேட்டால் பிரித்துச் சொல்ல அந்த எண்ணில் வழியில்லை.

வேடிக்கை இத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி, ரப்பர், பாமாயில் முதலியவை அங்கே நுழையக்கூடாது. தோட்டத்தின் இருப்பிடப் புள்ளிகளைக் கொடுக்க வேண்டும், நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோட்டையே வரைந்து தர வேண்டும். அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது, ஆனால் காபி வாங்குகிறவர்கள் இப்போதே கேட்கிறார்கள். என் நண்பனிடமும் கேட்டார்கள். நிழல்காபி, அதாவது மரங்களின் நிழலில் வளரும் காபி, மேலிருந்து பார்க்கக் காடு மாதிரி இருப்பதால் வரைபடங்கள் அதைக் காடு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மழைக்கு முன்னால் வழக்கமாக நிழல் கழிப்பார்கள், கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். படத்தில் பச்சை குறையும். ஆக அதே தோட்டம் டேராடூன் கணக்கில் காட்டைப் பெருக்குகிறது, ஐரோப்பாக் கணக்கில் காட்டை அழித்ததாகச் சந்தேகத்துக்கு ஆளாகலாம்! அவன் பாவம், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் மலைக்கு வந்த பயிரைத்தான் இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறான்.

பிரித்துப் பார்க்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ரப்பர் தோட்டம் வறண்ட மாதங்களில் மொத்தமாக இலை உதிர்க்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். எண்ணெய்ப்பனை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாக நிற்பது துல்லியமான படத்தில் கோலப்புள்ளி போலத் தெரியும். நிழல்காபி கஷ்டம்தான். அதற்கு ஆள் நடக்க வேண்டும், மேஸ்திரி மாதிரி ஒருவர் கூட வர வேண்டும். டேராடூனின் அடுத்த அறிக்கையில் இயற்கைக் காட்டுக்கு ஒரு எண், தோட்டத்துக்கு ஒரு எண் என்று இரண்டாகப் போடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

என் நண்பன் எட்டு வருஷத்துக்கு முன் மூன்று ஏக்கரில் பலா, அத்தி எல்லாம் எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தான். வேகமாக வளரும், நேராக நிற்கும், மிளகு ஏற்றலாம், தடிக்கும் விலை உண்டு. அவன் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்று ஏக்கரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் மரங்கள். அத்திப்பழ சீசனில் காதைப் பிளக்கும் பறவைச் சத்தம் அங்கே இப்போது இல்லை. கீழே சருகு மட்டும் மெத்தை மாதிரி. அந்த இடத்தின் எட்டு வருஷப் படங்களை, எல்லாம் டிசம்பர் மாதத்தவை, வரிசையாக வைத்துப் பார்த்தேன். வெட்டிய ஒன்றிரண்டு வருஷம் லேசாக வெளிறி, அப்புறம் பழையபடி பச்சை.

நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கம் சொந்தமாகத் தோட்டம் இருப்பவர்கள், அல்லது அங்கே வேலை பார்த்தவர்கள், இதைப் படித்தால் ஒரு உதவி. 1990-க்கு முந்தைய தோட்டத்துப் போட்டோ ஏதாவது வீட்டில் இருக்கிறதா? கல்யாணப் படமானாலும் சரி, பின்னால் மரம் தெரிந்தால் போதும். இன்பாக்ஸில் அனுப்புங்கள். எந்த மரம் என்று மேஸ்திரி சொல்லிவிடுவார்.