வீவக வீடு நிரந்தரச் சொத்தா?

சிங்கப்பூரில் அரசு கட்டி விற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வாங்கியவருக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விற்பது 99 ஆண்டுக் குத்தகை உரிமையை. அந்தக் காலத்துக்குள், விதிகளுக்கு உட்பட்டு, வீட்டை விற்கலாம், உயிலும் எழுதலாம். காலம் முடிந்ததும் வீடு கழகத்திடம் திரும்பிவிடும்.

இது ரகசியமும் அல்ல. பழைய வீடுகள் எல்லாவற்றையும் அரசு முன்கூட்டியே இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் என்று நம்பி விலையை ஏற்ற வேண்டாம் என 2017இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் எச்சரித்தார். ஓட்டுக் கேட்டு வருபவர் பொதுவாக வாய்திறக்காத விஷயம்தான்!

யாரும் சரிபார்க்கலாம். கழகத்தின் இணையத்தளத்தில் மறுவிற்பனை விலை விவரத்துக்குப் போய், நகரத்தையும் வீட்டு வகையையும் தேர்ந்தெடுங்கள். விலைக்கு அருகிலேயே குத்தகை தொடங்கிய ஆண்டும் மீதமுள்ள காலமும் இருக்கும். 1976 என்று கண்டால், அந்த வீட்டின் குத்தகை 2075 வாக்கில் முடிகிறது.