ரெண்டு வாயைச் சேர்த்துத் தைப்பது

அப்பாவின் பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்த அன்று, ஆபரேஷன் முடித்து வெளியே வந்த மருத்துவர், "அனஸ்டமோசிஸ் நல்லா வந்திருக்கு" என்றார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. டியூபர்குளோசிஸ், சிரோசிஸ் மாதிரி இது இன்னொரு நோய் என்று நினைத்துவிட்டார். கூட வந்த நர்ஸ்தான், "வெட்டின இடத்துல குடலுக்கு ரெண்டு வாய் இருக்கும்லம்மா, அதைச் சேர்த்துத் தைச்சாச்சு" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார், நிம்மதியில்.

நர்ஸ் சொன்னதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருளும். கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். குடலை உடனே சேர்க்க முடியாதபோது வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டுகிறார்களே, அதற்குப் பெயரும் ஸ்டோமாதான்.

ரத்தக்குழாயில் இந்தத் தையல் எத்தனை சிரமம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1894இல் பிரான்சின் அதிபர் சாடி கார்னோவை லியோன் நகரில் கத்தியால் குத்தினார்கள். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுபட்டிருந்தது. அதைத் தைக்க அன்று வழியில்லை, இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரெலை இது விடவில்லை. பூவேலை செய்யும் பெண்ணிடம் போய் நுண்தையல் கற்றார். வட்டமான குழாய்வாயில் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு இழுத்தார். வட்டம் முக்கோணமானது, ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைக்க முடிந்தது. 1912இல் நோபல் பரிசு.

அனஸ்டமோசிஸைத் தமிழில் 'இணைப்பு' என்று எழுதுவது எனக்குப் போதவில்லை. கேஸ் இணைப்பும் இணைப்புதான், மின் இணைப்பும் இணைப்புதான். வெட்டுப்பட்ட இரண்டு வாய் அதில் எங்கே தெரிகிறது? நம்மிடம் 'வாய்' எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது! கட்டி வாய் திறக்கிறது, வயலுக்கு மடைவாய், வீட்டுக்கு வாயில். (இல்லத்தின் வாய், 'இல்வாய்'தான் முன்பின்னாக மாறி 'வாயில்' ஆனது என்று பள்ளியில் இலக்கணப் போலிக்குப் படித்தோமே, அதேதான்.) 'வாய் சேர்த்தல்' என்றே சொல்லலாம். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் அனஸ்டமோசிஸ் பக்கத்திலேயே இதையும் போடுங்கள். தையல் விட்டுக் கசிந்தால் எவ்வளவு ஆபத்து என்பதும் அப்போதுதான் வீட்டாருக்குப் புரியும்.

அன்று ராத்திரி அம்மா சித்திக்குப் போன் போட்டார். "ரெண்டு வாயையும் சேர்த்துத் தைச்சிருக்காங்கடி. கூடி வரணும், அவ்வளவுதான்."