படிப்பு இங்கிலீஷில், ஊர் ஜெர்மனில்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் கன்சல்டன்சிக்காரர்கள் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்தாங்க, ஜெர்மன் தேவையே இல்லை." முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிதான் பிள்ளைகளை முதல் குளிர்காலத்திலேயே அறைக்குள் முடக்கிப் போடுகிறது.

2022-23 கல்வியாண்டில் சீனர்களை முந்தி, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடத்துக்கு வந்தவர்கள் இந்தியர்கள். அதில் நம் ஊர் இன்ஜினியரிங் பிள்ளைகள் நிறைய. கல்ச்சர் ஷாக் பற்றிக் கேட்டால் வீட்டில் எல்லோரும் குளிரையும் சாப்பாட்டையும் பற்றித்தான் பேசுகிறார்கள். குளிருக்கு ஜாக்கெட் வாங்கினால் முடிந்தது. அரிசியும் பருப்பும் ஆசியக் கடைகளில் கிடைக்கின்றன. உண்மையான அதிர்ச்சி தபால்பெட்டியில் இருக்கிறது.

அந்த நாடு இன்னமும் கடிதத்தில்தான் ஓடுகிறது. வரி எண், வங்கியின் பின் நம்பர், காப்பீட்டு அட்டை, குடிவரவு அலுவலகத்தின் பதில் எல்லாம் தபாலில், ஜெர்மனில் வரும். அபார்ட்மெண்ட் கதவுகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது. தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். அதனால் கார்த்திக் என்ற பையனுக்கு வரும் கடிதம் "திரு. முருகேசன்" என்று வரும். பெட்டியில் "கார்த்திக்" என்று ஒட்டினால் போதாது. பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரை, அப்பா பெயரோடு, அறைக்குச் சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிட வேண்டும்.

கடிதங்களில் மஞ்சள் உறையில் வருவதைத் தனியாக எடுத்து வையுங்கள். அது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட அரசு அல்லது நீதிமன்றக் கடிதம். உறையின் மேல் தபால்காரர் கையால் ஒரு தேதி எழுதியிருப்பார். பதில் சொல்லும் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாலும் ஓடும். உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், செய்ய வேண்டும். இதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்றுப் படிவம் வேண்டும். "அன்மெல்டுங் முடியாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாமல் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதியும் நகராது. பதிவு முடிந்ததும் சில வாரத்தில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். என்னிடம்தான் டிவியே இல்லையே என்று குப்பையில் போடுபவர்கள் ஏராளம். மாதம் 18.36 யூரோ, 2021 ஆகஸ்டிலிருந்து. டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம். நான்கு பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பதில் போடாவிட்டால் அபராதம், பிறகு வசூல் நடவடிக்கை.

அலுவலகத்தில் அதிகாரி இங்கிலீஷ் தெரிந்தும் பேச மறுக்கிறார் என்ற புகார் அடிக்கடி காதில் விழும். சில சமயம் அது சிடுசிடுப்பாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே அலுவல் மொழி ஜெர்மன் என்று சட்டமே சொல்கிறது. தப்பாக ஒரு வார்த்தை சொல்லிப் பின்னால் சிக்கலாகக் கூடாது என்ற பயமும் அவருக்கு உண்டு. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேள்விகளை முன்கூட்டியே ஜெர்மனில் எழுதித் தாளை நீட்டுங்கள். முகத்தில் மாற்றம் தெரியும். விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, விண்ணப்பித்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அலுவலகம் தாமதித்தால் அதுதான் காப்பாற்றும்.

சரி, மொழிக்கு வருவோம். ஜெர்மன் கஷ்டம் என்று ஆரம்பிக்கும் முன்பே பயந்துபோகிறவர்கள் அதை இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறார்கள். தமிழ் வழியாகப் படித்துப் பாருங்கள். "நான் நேற்று மென்ஸாவில் சோறு சாப்பிட்டேன்" (மென்ஸா என்றால் பல்கலைக்கழக கேன்டீன்) என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜெர்மனில் வைக்கலாம், "சாப்பிட்ட" என்ற சொல் கடைசியில்தான் வரும். நடுவில் ஒரு துணைவினை மட்டும் இரண்டாம் இடத்தில் உட்காரும். "வைல்", அதாவது "ஏனென்றால்", என்று தொடங்கும் துணைவாக்கியத்திலும் வினை கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ் மூளை அதை நடுவில் வைக்கத் துடிக்கும், தமிழ் மூளைக்குக் கடைசிதான் இயல்பு. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. "டூ", "ஸீ". கடைக்காரர், அதிகாரி, பேராசிரியர் எல்லோருக்கும் "ஸீ". மாணவர்களுக்குள் முதல் நாளிலிருந்தே "டூ". பெரியவர் தாமாக "டூ" சொல்லலாம் என்று சொல்லும்வரை நாம் மாறக் கூடாது. இதை ஒரு தமிழனுக்கு யாராவது விளக்க வேண்டுமா என்ன?

குறில், நெடிலும் நமக்குக் கைவந்த கலை. "ஷ்டட்" என்றால் நகரம், "ஷ்டாட்" என்றால் அரசு. அமெரிக்கர்கள் தடுமாறும் இடம் இது. நாம் தடுமாறுவது வேறு இடத்தில். நம் எழுத்தில் ப ஒன்றுதான், த ஒன்றுதான், க ஒன்றுதான். பெட்டி கட்டுவதற்கும் ரொட்டி சுடுவதற்கும் ஜெர்மனில் தனித்தனிச் சொல், இரண்டையும் தமிழில் எழுதினால் "பக்கன்" என்றே வரும். முதல் மாதம் இந்த இணைச் சொற்களை மட்டும் பதிவுசெய்து திரும்பத் திரும்பக் கேளுங்கள். அடுத்து, மேலே இரண்டு புள்ளி வைத்த யு. உதட்டை "ஊ" சொல்வது போலக் குவித்து, அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளே "ஈ" சொல்ல வேண்டும். அது வராவிட்டால் பட்டனை "அழுத்து" என்பதும் "பிரிண்ட் எடு" என்பதும் ஒரே சொல்லாகிவிடும். லேபில் யோசித்துப் பாருங்கள்.

பால் வேறுபாட்டுக்குத் தர்க்கம் தேடாதீர்கள். ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. உயர்திணை, அஃறிணை என்று ஒழுங்காகப் பிரித்து வைத்த மொழியிலிருந்து போகிறவனுக்கு இது அநியாயமாகத்தான் படும். சொல்லைத் தனியாகப் படிக்காமல், அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் "டேர்", "டீ", "டாஸ்" என்பதோடு சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

எண்களில்தான் நிஜமான சேதம் நடக்கிறது. 45 என்பதை அவர்கள் "ஐந்தும் நாற்பதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் முதலில் 5 விழும், கை 54 என்று எழுதிவிடும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்கிறவர்களிடம் "பிட்டே ஐன்ட்ஸெல்ன்", ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், என்று கேட்டுவிடுங்கள். மணி இன்னும் மோசம். "ஹல்ப் அக்ட்" என்றால் நேர் பொருள் "அரை எட்டு". நாம் எட்டரை என்று எடுத்துக்கொள்வோம். அவர்கள் கணக்கில் எட்டை நோக்கிப் பாதி தூரம், அதாவது ஏழரை. வீடு பார்க்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த வீடு போய்விட்டது என்று அர்த்தம். நேரத்தை எப்போதும் எழுத்தில் வாங்குங்கள்.

வகுப்பறையிலும் இப்படி ஒரு மணிக் குழப்பம் உண்டு. அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் "சி.டி." என்று இருந்தால் வகுப்பு 10.15-க்கு, "எஸ்.டி." என்று இருந்தால் சரியாக 10-க்கு. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். ரகளை இல்லை, அதுதான் கைதட்டல். புரிந்ததா என்று பேராசிரியர் கேட்டால் நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், அவருக்கு அது "இல்லை" என்று தெரியும். "யா" என்று வாயால் சொல்லுங்கள். மின்னஞ்சலில் "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம். பட்டத்தோடு குடும்பப் பெயர், விஷயம் நான்கு வரியில், கீழே மாணவர் எண். உங்கள் வேலையைப் பார்த்து "இது தவறு" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அது வேலையைப் பற்றிய பேச்சு, உங்களைப் பற்றியது இல்லை. "மோசமில்லை" என்று சொன்னால் அது பாராட்டு. வீட்டுக்குப் போன் போட்டே சொல்லலாம்.

ஆனால் நம் பிள்ளைகள் சறுக்கி விழும் பெரிய பள்ளம் அரியர் மனப்பான்மை. இங்கே அரியர் வைத்துப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று நான்கு வருடம் பழகிவிட்டு வருகிறார்கள். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு 3 வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து நீக்கம், ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாத நிலை. மதிப்பெண் 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. பல பாடங்களில் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண். இன்டர்னல், அசைன்மெண்ட் என்று தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதிய வேண்டும், கெடு தாண்டினால் எழுத முடியாது. பதிந்துவிட்டு, மருத்துவச் சான்றும் இல்லாமல் தேர்வுக்கு வராமல் இருந்தால் 5.0 விழுந்து ஒரு வாய்ப்பு காலி. தயாராக இல்லையென்றால் கெடுவுக்குள் பதிவை ரத்துசெய்யுங்கள். இந்த விதிகள் எல்லாம் தேர்வு ஒழுங்குமுறை ஆவணத்தில் இருக்கும். அது பல இடங்களில் ஜெர்மனில் மட்டுமே செல்லுபடியாகும், இங்கிலீஷ் பிரதி சும்மா தகவலுக்கு. இங்கிலீஷ் கோர்ஸின் லட்சணம் இதுதான்.

வீட்டுக்குள்ளும் மொழி தெரியாததால் வரும் சேதம் உண்டு. ஜன்னலைத் திறப்பதற்கே ஒப்பந்தத்தில் விதி இருக்கும். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுவதுமாக 5 முதல் 10 நிமிடம் திறந்து மூட வேண்டும், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து, இட்லிக் கொப்பரை ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் அதில் படிந்து பூஞ்சை பிடிக்கும். பழுது முன்பணத்தில் கழியும், அது 3 மாத அடிப்படை வாடகை வரை இருக்கலாம். ஹாஸ்டலில் கடுகு தாளிக்கும்போது சமையலறைக் கதவைத் திறந்து புகையைத் தாழ்வாரத்துக்கு விடாதீர்கள். தாழ்வார அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கலாம். கதவை மூடி ஜன்னலைத் திறங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டினால் பகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸைக் கூப்பிடாமல் எழுதி ஒட்டியதே நல்லெண்ணம்தான்.

மனிதர்கள் ஒட்டமாட்டேன் என்கிறார்கள் என்ற வருத்தம் நியாயமானது. சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் வந்து கட்டிலில் சாயும் நட்பு அங்கே கிடையாது. காபி குடிக்கவும் தேதி குறிக்க வேண்டும். ஆனால் குறித்த தேதியில் வருவார்கள். "வா, சாப்பிடப் போகலாம்" என்றால் அவரவர் பில் அவரவருக்கு. "அழைக்கிறேன்" என்ற சொல்லைச் சொன்னால் மட்டுமே அவர் கொடுப்பார். பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். முந்தின நாளே வாழ்த்திவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். நட்புக்கு நல்ல வழி பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள். கட்டணம் குறைவு, வாரம் ஒருமுறை அதே முகங்கள், பேச்சு மொழி ஜெர்மன். மனம் ரொம்பச் சோர்ந்தால் மாணவர் நலச் சங்கத்தின் இலவச உளவியல் ஆலோசனை இருக்கிறது, பல ஊர்களில் இங்கிலீஷிலும் பேசுவார்கள். மருத்துவர் இல்லாத நேரத்துக்கு 116117, உயிர் ஆபத்துக்கு 112.

நான்கு தமிழர் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன், முதல் ஆறு மாதம் அதுதான் ஆளைக் காப்பாற்றும். இரண்டு வருடமும் அப்படியே போனால் ஜெர்மன் ஏ1 என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிடும் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் மேலே போகும்). ஹம் நகரத்தில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத்திலிருந்து போன தமிழர்கள் எழுப்பியது. தேர்த்திருவிழாவுக்குப் போனால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தாய்மொழி போல ஜெர்மன் பேசுவதைக் கேட்கலாம். அவர்களின் பெற்றோருக்கு "கோர்ஸ் இங்கிலீஷில்தான்" என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் வேலை. மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஜெர்மன் தெரியாவிட்டால் பெரும்பாலும் கிடங்கும் டெலிவரியும்தான். படித்த துறையில் பகுதிநேர வேலை விளம்பரங்கள் பி2 கேட்கின்றன. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருவார்கள். அங்கேயே பட்டம் பெற்று 2 ஆண்டு தகுந்த வேலை பார்த்தவர்கள் நிரந்தரக் குடியிருப்பு கேட்கவும் பி1 வேண்டும்.

ஜெர்மன் கற்றுத்தரும் கதே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கில் தொடக்கத்திலிருந்து பி1 முடிக்க 350 முதல் 650 பாட நேரம், ஒரு பாட நேரம் 45 நிமிடம். மெதுவாகப் படிப்பவருக்கு 490 மணி நேரம் என்று வைத்தாலும், தினம் 2 மணி நேரம் போட்டால் 8 மாதத்தில் முடியும். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், விண்ணப்பம், அட்மிஷன், அங்கே செலவுக்கு முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ, விசா தேதி என்று காத்திருப்பே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஓடிவிடுகிறது. அந்த மாதங்களில் பிள்ளைகள் பெட்டியில் எத்தனை கிலோ ஊறுகாய் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.