பூச்சி மாத்திரை மட்டும் போதாது

"சீனி தின்னா வயித்துல பூச்சி வைக்கும்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். சீனிக்கும் குடல்புழுவுக்கும் சம்பந்தமே கிடையாது. புழு வருவது மண்ணிலிருந்து. மண்ணுக்கு அது வருவது மனிதரின் மலத்திலிருந்து.

பெண் உருளைப்புழு ஒன்று ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு வெளியேறும் அந்த முட்டைகள் ஈர மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். சில முட்டைகள் ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். அப்புறம் குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிள்ளை வெளுத்துப் போகும், வகுப்பில் சோர்ந்து உட்காரும்.

மலேசியத் தமிழர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று கொக்கிப்புழுவை ஆராய மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்து லயங்களில் செருப்பில்லாமல் நடந்த நம் பாட்டன் பாட்டிகளின் காலம் அது.

இன்று கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள குடும்பங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை வாங்கிப் போடுகின்றன. போடட்டும், தப்பில்லை. ஆனால் உண்மையிலேயே அது தேவைப்படுவது தீபகற்ப மலேசியாவின் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களின் கிராமங்களில். 1974இல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பூச்சி மருந்துத் திட்டம் 1983இல் நிறுத்தப்பட்டது. நாட்டின் சராசரி இறங்கினால் நோயே ஒழிந்த மாதிரி தெரியும். சராசரிக்குள் ஒரு கிராமம் முழுவதுமே மறைந்து போகும் என்பதுதான் என் கோபம்.

ஓராங் அஸ்லி கிராமங்களில் அதிகம் காணப்படுவது சாட்டைப்புழு என்ற இன்னொரு குடல்புழு. உருளைப்புழுவை நன்றாகவே விரட்டும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து, ஒரே வேளை கொடுத்தால் சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. பஹாங் மாநிலத்தில் ஓராங் அஸ்லி மக்கள் வாழும் போஸ் பெத்தாவில் பிள்ளைகளுக்கு முழுமையாக மருந்து கொடுத்துவிட்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறே மாதத்தில் பெரும்பாலோருக்குத் திரும்பவும் தொற்றிவிட்டது. ஆகாதா பின்னே? குடலைச் சுத்தம் செய்தோம், மண் அப்படியே இருக்கிறதே.

"அவங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. தண்ணீரே வராத வீட்டுக்குப் போய்க் கை கழுவச் சொல்லிப் பாடம் நடத்துவது அநியாயம்.

பாதிப் பிள்ளைகளுக்கு மேல் தொற்று இருக்கும் இடங்களில் ஆண்டுக்கு இரு முறை மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சரி, கொடுக்கட்டும். அதே கிராமத்துக்குக் கழிப்பறையும் குழாயும் அதே ஆண்டில் போக வேண்டும். தொற்றுக் கணக்கையும் கிராமம் கிராமமாக வெளியிட வேண்டும். தீபாவளிக்கு அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குப் போகும் நம் இயக்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை போகும்போது எத்தனை வீட்டில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க நானும் வருகிறேன்.