மோனாலிசா முகம் என்ன நிறம், யாராவது சொல்லித் தொலையுங்கள்

"மாஸ்டர்ஸைப் பார்த்து அப்படியே வரைங்க, கை தானாப் பழகும்." ஆயில் போர்ட்ரெய்ட் கற்றுக்கொள்ளப் போனால் எல்லாரும் சொல்லும் முதல் வசனம் இதுதான். எதைப் பார்த்து ஐயா வரைவது?

எங்கள் வகுப்பில் கொடுத்தது மோனாலிசாவின் ஏ4 கலர் பிரின்ட். முகமெல்லாம் வேப்பெண்ணெய் தடவின மாதிரி பச்சை கலந்த மஞ்சள். போனில் தேடினால் ஒன்றில் ஆரஞ்சு, இன்னொன்றில் பழுப்பு. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டால், "பிரின்ட்ல இருக்கிறதைக் கலங்க, எல்லோ ஓக்கர் கொஞ்சம் கூட்டுங்க" என்கிறார் சார். அந்த மஞ்சள் டாவின்சி பூசியதே இல்லையே! படத்தின் மேலிருக்கும் வார்னிஷ் காலப்போக்கில் பழுத்துப்போன மஞ்சள் அது. டாவின்சி வரைந்துகொண்டிருந்தபோதே அவருடைய பட்டறையில் வேறொருவர் வரைந்தது என்று சொல்லப்படும் நகல் ஒன்று மாட்ரிட்டில், பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2012-இல் அதைச் சுத்தம் செய்து வெளியே காட்டினார்கள். சட்டைக் கை பளிச்சென்று சிவப்பு. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. பின்னணியில் பிற்காலத்தில் யாரோ அடித்திருந்த கருப்பை எடுத்ததும் மலையெல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்தப் படத்தைக் காட்டினேன். "அது வேற பெயின்டிங், நமக்கு வேண்டாம்." சரி சார்.

அடுத்து வெள்ளை. அந்தக் காலத்தில் அவர்களிடம் இருந்தது ஈயவெள்ளை. எண்ணெயில் குழைத்து மெல்லிசாக இழுத்தால் அடியில் இருப்பது லேசாகத் தெரியும். நமக்குக் கிடைப்பது 20-ஆம் நூற்றாண்டில் வந்த டைட்டானியம் வெள்ளை. கன்னத்தில் ஒரு பொட்டு கூடினாலும் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடுகிறது. ஈயம் விஷம், வகுப்பில் வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் இந்த வித்தியாசத்தை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "உங்க கலவை சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எப்படி?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "இரண்டே நாளில் ரெனசான்ஸ் போர்ட்ரெய்ட்" (அதாவது டாவின்சி காலத்துப் பாணி முகப்படம்) என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. டாவின்சி இந்தப் படத்தை 1503 வாக்கில் தொடங்கி வருஷக்கணக்கில் கூடவே வைத்திருந்தார். அந்த முகத்தை பிரெஞ்சு ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே கருவி வைத்து அளந்து 2010-இல் சொன்னது: ஒவ்வொரு கிளேஸ் படலமும், அதாவது அடியில் இருப்பது தெரியும்படி பூசும் மெல்லிய வண்ணப் பூச்சு, ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர், எல்லாம் சேர்ந்தாலும் 40-ஐத் தாண்டவில்லை. ஒரு தலைமுடி அளவுகூடத் தேறாது! ஒரு படலம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. இங்கே ஈரத்தின் மேலேயே அடுத்த கோட். காயவில்லை என்றால் ஹேர் டிரையர் பிடிக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிக் காய்வதற்கு இது வாட்டர் கலரா? எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாளைத்தான் யாரும் கொடுப்பதில்லை. கடைசியில் கன்னமும் நிழலும் சேர்ந்து சேறாகிறது, "உங்களுக்குப் பொறுமை இல்லை" என்று நமக்கே புத்திமதி.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கிய ஓவியர்கள் அசல் படங்களுக்கு எதிரிலேயே ஸ்டாண்ட் போட்டு நகல் வரைகிறார்கள். அசலின் அளவிலேயே வரையக் கூடாது என்பது அங்கே விதி. கொடுத்துவைத்தவர்கள். விதியென்றாலும் அர்த்தமுள்ள விதி.

எங்களுக்கு அடுத்த பாடம் ரஃபேல் வரைந்த காஸ்டிலியோனே என்பவரின் போர்ட்ரெய்ட். அந்த மனிதர் போட்டிருப்பது கருப்பும் சாம்பலும். கைக்கு வந்த பிரின்டில் நீலம். சார் பேலட்டில் நீலத்தைப் பிதுக்க ஆரம்பித்துவிட்டார்.