கிராக்-யோர்கென்சன் அமெரிக்கக் கண்டுபிடிப்பு இல்லை
கிராக்-யோர்கென்சன் ரைஃபிள் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது என்று நீங்கள் சொன்னது தவறு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் அதைத் தயாரித்தார்கள், சரி, ஆனால் உரிமத்தொகை கொடுத்துத்தான். நார்வேயின் கோங்ஸ்பெர்க்கில் ராணுவ அதிகாரி ஓலே கிராக்கும், துப்பாக்கி செய்யும் கைவினைஞர் எரிக் யோர்கென்சனும் சேர்ந்து உருவாக்கியது அது. 1889-இல் டென்மார்க் முதலில் அதைத் தன் ராணுவத் துப்பாக்கியாக ஏற்றுக்கொண்டது, 1892-இல் அமெரிக்கா, சொந்த நாடான நார்வே 1894-இல்தான்! வலது பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து தோட்டாக்களை உள்ளே போட்டுவிடலாம், அதற்காக போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் உலோகத் தண்டு) திறக்கவே வேண்டாம், எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அந்த அமைப்புதான். அப்புறம், எல்லோரும் சுருக்கமாக ‘கிராக்’ என்று மட்டும் சொல்லி யோர்கென்சனை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தயவுசெய்து அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.